தூரத்து எண்ணெய்

ஒரு பாஷை சுத்தமாகத் தெரியாதவனால் உலகத்துக்கு எந்தக் கெடுதலும் இல்லை. அவன் கையைக் காட்டுவான், தலையை ஆட்டுவான், வேண்டியதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். நன்றாகத் தெரிந்தவனாலும் கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்தவன் இருக்கிறானே, அவன்தான் ஊரைக் கெடுப்பவன். இருபத்தோரு வயதில் எனக்கு மலாய் அப்படித்தான் தெரியும். அரைகூட இல்லை, கால்தான். ஆனால் பேசும்போது முழுசாகப் பேசுவேன்.

இதை எழுதுவதற்குக் காரணம் ஆசை இல்லை, அலுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும், பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வருவதற்குள் யாராவது ஒருவர், "மாமா, அந்தக் காரு கதையச் சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் மாட்டேன் என்றால் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அவர்கள் சொல்லும் கதையில் கார் ஆற்றில் விழுகிறது. துரை வேட்டியைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறார். (துரை எதற்காக வேட்டி கட்டினார் என்று இதுவரை ஒரு ஜீவனும் கேட்டதில்லை.) திருத்தித் திருத்தி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிட்டால், இனி கேட்பவர்களிடம் காகிதத்தை நீட்டிவிட்டு நான்பாட்டுக்குச் சாய்ந்து உட்காரலாம் என்று பார்க்கிறேன்.

ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு மூன்று வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. மலாயாவில், மலாக்காவுக்குப் பக்கம், பெம்பானுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. சின்னக் கிராணி என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய கிராணி என்னைத் திட்டுவார். துரை பெரிய கிராணியைத் திட்டுவார்; அதையும் அவர் பத்திரமாகக் கொண்டுவந்து என்னிடமே சேர்ப்பார். பொழுது விடிவதற்குள் எழுந்து, பெரட்டில் வரிசையாக நிற்கும் ஆட்களைக் கணக்கெடுத்து, வெயிலில் காடு சுற்றி, சாயங்காலம் திரும்பினால் சட்டையைக் கழற்றக் கையைத் தூக்க முடியாது. அந்த வயதிலேயே நான் களைத்துப்போனவன்தான். இப்போது வயதாகிவிட்டதால் அதற்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வருஷம் தோட்டத்தில் புதுக்காடு வெட்டி மரம் நட்டார்கள். குழிக்குக் குழி எவ்வளவு தூரம் விடுவது என்று அளக்க ஒரு மலாய்க்காரர் சங்கிலியோடு வந்தார். பக்கத்தில் நின்று எழுதிக்கொள்வது என் வேலை. அவர் நாள் முழுக்க "ஜாராக், ஜாராக்" என்பார். ஜாராக் என்றால் இடைவெளி, தூரம். மாதக்கணக்கில் அதைக் கேட்டு எனக்கு அந்தச் சொல் ரத்தத்தில் ஊறிவிட்டது. மலாய் பாஷையே எனக்கு வசப்பட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம் மலாய் பேசினேன். அவர்கள் தமிழில் பதில் சொன்னார்கள்.

இனி காருக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் அக்காவைச் சொல்ல வேண்டும். நாகம்மா அக்கா அப்போது ஏழு மாத கர்ப்பிணி. அது இரண்டாவது. முதல் பிள்ளை மாட்டு வண்டியில் போயிற்று. பிரசவம் சிக்கலானதும், தோட்டத்து மருந்து வீட்டில் இருந்த டிரெஸ்ஸர், தன்னால் ஆகாது, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று கைவிரித்துவிட்டார். துரை அன்று காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் போயிருந்தார். கொண்டுபோவதற்குத் தோட்டத்தில் இருந்தது அரிசி மூட்டை ஏற்றும் மாட்டு வண்டி ஒன்றுதான். பிள்ளை வழியிலேயே பிறந்து வழியிலேயே போய்விட்டது. அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக அவசியமில்லை என்று வண்டி பாதிச் சடக்கில், அதாவது பாதி ரோட்டில், திரும்பிவிட்டது. அக்கா அதைப்பற்றி யாரிடமும் பேசியதில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவாள்.

என் அத்தான் சிதம்பரம், அக்காவின் வீட்டுக்காரர், ஸ்டோரில் இஞ்சின் ஓட்டுபவர். ஸ்டோர் என்றால் கித்தாப்பாலை உறைய வைத்து ஷீட் போடும் இடம். அத்தான் பேசுகிற ஆள் இல்லை. பிள்ளை போன பிறகு இருந்த கொஞ்சப் பேச்சும் போய்விட்டது. பழைய துரை ஒருவர் விட்டுப்போன பெரிய கார் ஒன்று ஸ்டோருக்குப் பின்னால் பல காலமாகக் கிடந்தது. இஞ்சின் வெடித்துப்போன கார். கோழிகள் அதில் அடைகாத்துக்கொண்டிருந்தன. அத்தான் ஒருநாள் கோழிகளைக் கிளப்பிவிட்டு அதற்குள் தலையை விட்டார். விட்டவர் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வெளியே எடுக்கவில்லை. பங்களாவுக்கு விளக்குப் போட ஓடிக்கொண்டிருந்த சின்ன டீசல் இஞ்சினை, புது இஞ்சின் வந்ததும் துரையிடம் கேட்டு வாங்கி, அறுத்து, ஒட்டி, முடுக்கி, அந்தக் காருக்குள் உட்கார வைத்தார். பின் சீட்டைப் பிடுங்கிவிட்டு, ஆள் படுப்பதற்குப் பலகை அடித்தார். மேலே கேன்வாஸ் கட்டினார். பாரம் தாங்காமல் கார் முன்பக்கம் தாழ்ந்து, முட்ட வருகிற மாடு மாதிரி நின்றது. ஆனால் ஓடியது.

இதைத் தோட்டத்துச் சீக்காளிகளுக்கான காராக வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு அத்தான் துரை முன்னால் நின்றார். துரைமார்கள் தமிழ் கற்றுக்கொள்ள வேண்டுமென்று ஒரு கட்டாயம் இருந்த காலம் அது. எங்கள் துரையின் தமிழ் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் பொறுக்கிய தமிழ். மரியாதை என்ற சங்கதி அதில் கிடையாது.

"நீ கார் ஓட்டு. நான் பாக்கிறேன். மலாக்கா ஆஸ்பத்திரி வரைக்கும் நிக்காம போனா, சீக்காளி கார். நடுவுல நின்னா, இஞ்சின் ஸ்டோருக்கு. சரியா?" என்றார்.

"சரிங்க தொரே" என்றார் அத்தான். அக்காவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இஞ்சின் ஸ்டோருக்குப் போனால், மறுபடியும் மாட்டு வண்டிதான்.

அத்தானுக்கு ஒரே கவலை எண்ணெய்தான். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"பங்களாவுல இந்த இஞ்சின் நெழல்ல குந்திக்கிட்டு ஒரே சீரா ஓடிச்சு தம்பி. இப்ப மேடு ஏறணும், பாரம் இழுக்கணும், கொதிக்கும். ஸ்டோர்ல இருக்கிற எண்ணெய ஊத்துனா சூட்டுல தண்ணியாப் போயிரும். கெட்டி எண்ணெயா வேணும். மலாக்கா வரைக்கும் தூரத்துக்குத் தாங்கணும். நான் ஸ்டோர விட்டு வர முடியாது. ஜாசின் போயி கேட்டு வாங்கியாரியா? கடைக்காரன் சீனன். மலாய்லதான் பேசணும்."

மலாய் என்றதும் நான் எழுந்து சைக்கிளை எடுத்துவிட்டேன்.

ஜாசினில் அந்தத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், கடையில் கிடைக்காத சாமான் இல்லை. கருவாடு, கயிறு, மண்ணெண்ணெய், மருந்து, மோட்டார் சாமான், எல்லாம் ஒரே மணத்தில் கலந்து கிடக்கும். தவுக்கே பனியனைத் தூக்கி வயிற்றுக்குக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். மிஞ்ஞாக் என்றால் எண்ணெய். ஜாராக் என்றால் தூரம். ஜாவ் என்றால் தொலைவு. நீண்ட தூரத்துக்கு ஆன எண்ணெய்.

"மிஞ்ஞாக் ஜாராக்..." என்றேன். மூன்றாவது சொல்லை நான் வாயில் எடுப்பதற்குள் தவுக்கே, "அடா லா, அடா!" இருக்கிறது, இருக்கிறது என்று எழுந்து உள்ளே போய்விட்டார். ஆகா, இப்படி ஒரு எண்ணெய் தனியாகவே இருக்கிறது, பெயரும் அதேதான் என்று என் மலாயை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் ஒரு சின்ன சீசாவோடு வந்தார். நான் சிரித்துவிட்டு, பெரிய டின்னைக் கையால் காட்டினேன். தவுக்கே சீசாவையும் என்னையும் பார்த்தார்.

"பெராப்பா ஓராங்?" எத்தனை பேர் என்று கேட்டார்.

காரில் எத்தனை பேர் போகிறோம் என்று கேட்கிறார், விஷயம் தெரிந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். துரை, அத்தான், நான். மூன்று பேர் என்றேன்.

"மூன்று பேருக்கு ஒரு டின்னா?" என்றார் அவர் மலாயில். எனக்கு அது கௌரவமாக இருந்தது. ஆமாம், தூரம் அதிகம், நடுவில் நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். நடுவில் நிற்கக் கூடாது என்றதும் அவர் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. அவர் கொஞ்சம் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "மக்கான் அப்பா?" என்று கேட்டார்.

மக்கான் என்றால் சாப்பிடுவது. அப்பா என்றால் என்ன. மலாயில் யார் சாப்பிட்டார்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. வண்டி என்ன தீனி தின்கிறது என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "டீசல்."

தவுக்கே கையிலிருந்த சின்ன சீசாவை அலமாரியில் திருப்பி வைத்தார். பிறகு டின்னை நிரப்பி, அவரே கொண்டுவந்து சைக்கிளில் கட்டிக்கொடுத்து, என் தோளைத் தட்டி, "ஹாத்தி ஹாத்தி" என்றார். ஜாக்கிரதை என்று அர்த்தம். கார் ஓட்டப்போகிற ஒருவனை இவ்வளவு அக்கறையோடு வழியனுப்புகிறாரே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அது விளக்கெண்ணெய் என்று உனக்குப் பார்த்ததுமே தெரியாதா என்று கேட்பீர்கள். ஐம்பது வருஷமாகக் கேட்கிறார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் விளக்கெண்ணெய் குடித்தவர்கள்தான். டிரெஸ்ஸர் பேதிக்குக் கொடுக்கும் நாளில் லயத்துப் பிள்ளைகள் எல்லோரையும் பிடித்து வரிசையில் நிறுத்துவார்கள். ஆனால் ஒருத்தர் கையைப் பிடிக்க, ஒருத்தர் மூக்கை மூட, நானே கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். அதன் நிறத்தை எப்போது பார்த்தேன்? மணத்தை எப்போது முகர்ந்தேன்?

அத்தான் பழைய எண்ணெயை வடித்துவிட்டு ஸ்டோருக்குப் போயிருந்தார். நானே ஊற்றினேன். தேன் மாதிரி இறங்கியது. மறுநாள் காலையில் அவர் அளவுக் கம்பியை உருவி, விரலில் தேய்த்துப் பார்த்தார். பால் உறைய வைக்கும் அமில வாடையிலேயே காலமெல்லாம் நின்று மரத்துப்போன மூக்கு அது. கண்ணாலும் விரலாலும் மட்டும்தான் பார்த்தார்.

"நல்ல கெட்டி. என்னா சுத்தம் பாரேன்" என்றார். அத்தான் என்னைப் பாராட்டியது அதுதான் முதலும் கடைசியும்.

துரை வந்தார். காரைச் சுற்றிப் பார்த்தார். பலகையைத் தட்டினார்.

"சீக்காளி எங்கே?" என்றார்.

சீக்காளியை ஏற்றிப் பார்க்காமல் சீக்காளி காரை எப்படிச் சோதிப்பது என்பது அவர் வாதம். சுற்றிலும் பார்த்தார். அங்கே வேலை இல்லாமல் நின்றது நான் ஒருவன்தான்.

"நீ சீக்காளி. படு. எந்திரிக்காதே" என்றார்.

நானும் வெள்ளைச் சட்டையும் மடித்த வேட்டியுமாகப் பலகையில் நீட்டிப் படுத்தேன். (அவர்கள் கதையில் வரும் வேட்டி என்னுடையது.) அக்கா லய வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையை அசைக்கவில்லை. கார் தோட்டத்து வளைவில் திரும்பும் வரைக்கும் அப்படியே நின்றாள்.

முதலில் கார் நன்றாகத்தான் ஓடியது. அத்தானின் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது. அது நிமிர்ந்து இருந்தது. பெம்பானைத் தாண்டும்போது இஞ்சின் சூடேறியது. எண்ணெயும் சூடேறியது. தேய்ந்துபோன பழைய இஞ்சின். எண்ணெயில் கொஞ்சம் உள்ளே புகுந்து எரிந்தது, கொஞ்சம் ஒழுகிச் சூட்டுக் குழாயில் விழுந்து புகைந்தது. அந்தக் குழாய் நேரே என் பலகைக்கு அடியில் போயிற்று. அத்தான் பலகைக்குப் பலகை இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தார், நோயாளிக்குக் காற்று வரட்டும் என்று.

காற்று வந்தது. அந்த வாடையை எழுத்தில் சொல்ல முடியாது. சிறு வயதில் குடித்த அத்தனை வேளை விளக்கெண்ணெயும் ஒன்றுசேர்ந்து, அடுப்பில் காய்ந்து, என்னைத் தேடிக்கொண்டு வந்தது. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. வயிற்றுக்கு மட்டும் விளங்கிவிட்டது.

"அத்தான்" என்று முனகினேன். "என்னமோ பண்ணுது அத்தான்."

துரை திரும்பிப் பார்த்தார். "நல்லா நடிக்கிறான்" என்று அத்தானிடம் சொன்னார்.

"நெசமாத்தான் தொரே. வயிறு பெரட்டுது."

"சரி, சரி. சும்மா படு. சீக்காளி பேசக் கூடாது."

சடக்கோரம் வேறொரு தோட்டத்து லயம் வந்தது. கார் சத்தம் கேட்டு ஒரு கூட்டம் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தன. அந்தக் காலத்தில் காரைப் பார்த்தால் பிள்ளைகள் கூடவே ஓடிவரும். இந்தப் பிள்ளைகள் பாதி தூரம் வந்து, பிரேக் போட்டதுபோல் நின்றன. ஒரு பையன் மூக்கை உயர்த்தி முகர்ந்தான். "டேய், பேதிக்குக் குடுக்க வந்துட்டாங்கடோய்!" என்று ஒரு அலறல். அடுத்த நொடி ஒரு பிள்ளையைக் காணோம். கித்தாக் காட்டுக்குள் சருகு சத்தம் மட்டும் கேட்டது. ஒரு கிழவர்கூட எழுந்து உள்ளே போனதை நான் பார்த்தேன்.

துரைக்கு அப்போதுதான் உறைத்தது. தொப்பியைக் கழற்றினார். மூக்கைச் சுருக்கினார். அந்தச் சிவந்த பெரிய முகம் மெல்ல மெல்ல ஏழு வயதுப் பையனின் முகமாக மாறியது. அவர்கள் சீமையிலும் அதைத்தான் கொடுப்பார்களாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

"சிதம்பரம்! என்னா நாத்தம் இது? இது... எங்கம்மா குடுக்கிற நாத்தம்!"

அத்தான் பதில் சொல்வதற்குள் ஒரு மேடு வந்தது. இஞ்சின் இருமியது. இழுக்க முடியாமல் உறுமியது. எண்ணெய் போகும் குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டது. இஞ்சின் இறுகிப்போவதற்கு முன்னால் அத்தானே நிறுத்திவிட்டார். மேட்டின் பாதியில், ஆஸ்பத்திரி இன்னும் எங்கேயோ இருக்க, கார் நின்றது. நான் பலகையிலிருந்து தலையை வெளியே நீட்டி, காலையில் சாப்பிட்டதை எல்லாம் சடக்குக்குக் கொடுத்தேன். துரை என்னைப் பார்த்த பார்வையில், நடிப்பு கொஞ்சம் அதிகம் என்ற அபிப்பிராயம் தெரிந்தது.

அத்தான் மூடியைத் திறந்து, கம்பியை உருவிப் பார்த்தார். உள்ளே மிச்சமிருந்த பழைய எண்ணெயும் நான் ஊற்றியதும் ஒட்டாமல் திரிந்து, கஞ்சி மாதிரி, பசை மாதிரி ஆகியிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, கடையில என்னான்னு கேட்ட?"

"தூரத்து எண்ணெய்னு கேட்டேன் அத்தான்."

"மலாய்ல எப்படிக் கேட்ட?"

"மிஞ்ஞாக் ஜாராக்னு."

அத்தானுக்கு விளங்கவில்லை. துரைக்கு விளங்கியது. அவர் மலாய்ப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர். ஜாராக் என்றால் தூரம். ஜாராக் என்றால் ஆமணக்கும்தான். ஒரே சொல், ஒரே உச்சரிப்பு. சடக்கோரத்தில் உட்கார்ந்து அவர் சிரித்தார். முழங்காலில் அடித்துக்கொண்டு சிரித்தார். தொப்பி உருண்டு காட்டுக்குள் போனது. இத்தனை சிரிப்பை அவர் உடம்பில் எங்கே வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. சிரித்து முடித்ததும், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நின்னு போச்சு. இஞ்சின் ஸ்டோருக்கு" என்றார்.

அத்தான் தலையை ஆட்டினார். "சரிங்க தொரே" என்றார். ஒரு வருஷ வேலை அந்த இரண்டு வார்த்தையில் முடிந்தது. அவர் காரின் முன்னால் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் செத்துப்போகலாமா என்று யோசித்தேன். உடம்பு இருந்த நிலையில் அதற்குப் பெரிய முயற்சிகூடத் தேவைப்பட்டிருக்காது.

அப்போது மலாக்காப் பக்கமிருந்து எங்கள் தோட்டத்து மாட்டு வண்டி வந்தது. வண்டிக்காரர் மாரிமுத்து அண்ணன், துரை சடக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் குதித்து இறங்கினார். முதலில் கும்பிட்டார். பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"என்னங்க தொரே, வௌக்கெண்ண வாசம் கமகமன்னு வருது? மிச்சம் இருந்தாக் குடுங்க, வண்டி அச்சுக்குப் போட்டுக்கிறேன்."

டின்னில் மிச்சமிருந்ததை அத்தான் எடுத்துக் கொடுத்தார். அந்த எண்ணெய் அன்று பிரயோஜனப்பட்டது அதற்குத்தான்.

காரைப் பார்த்துக்கொள்ள அத்தான் நின்றுவிட்டார். துரைக்கு வேறு வழியில்லை. வண்டியில் ஏறினார். என்னைத் தூக்கி அரிசி மூட்டைகளுக்கு நடுவே போட்டார்கள். காலையில் நடிப்புச் சீக்காளி, இப்போது அசல் சீக்காளி. மூட்டைகளுக்கும் எனக்கும் போக மிச்சமிருந்த இடத்தில் துரை குந்தி உட்கார்ந்தார்.

மாட்டு வண்டியில் வெறும் உடம்போடு போவது வேறு. சீக்கோடு போவது வேறு. சக்கரம் ஒவ்வொரு குழியில் இறங்கும்போதும் என் வயிறு முதலில் மேலே போய், பிறகு நான் போய், பிறகு இரண்டும் தனித்தனியாகக் கீழே விழுந்தோம். வெயில் நேரே முகத்தில் அடித்தது. மாடுகளுக்கு ஒரு அவசரமும் இல்லை. முதல் குழியில் துரை என்னமோ இங்கிலீஷில் சொன்னார். நாலைந்து குழிக்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெரிய பள்ளத்தில் என் தலை பக்கக் கட்டையில் மோதப் போனது. அவர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அந்தக் கையை எடுக்கவில்லை. (வீட்டில் இந்த இடத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆற்றில் கார் விழுந்ததை நம்புவார்கள்.)

வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "பொம்பளைங்களும் இதுலதான் போறாங்களா?"

"ஆமாங்க தொரே" என்றார் மாரிமுத்து அண்ணன், திரும்பாமலே. "நம்ம சிதம்பரம் பொஞ்சாதிகூட இதே வண்டிதான். இந்தா, இந்த எடம்தான் வரும். இதுக்கு அங்கிட்டு ஏன் போவணும்னு சிதம்பரமே திருப்பச் சொல்லிட்டாரு."

துரை அந்த இடத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் கித்தா மரம், நடுவில் மண் சடக்கு. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. தாண்டிய பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். தோட்டத்தில் இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளைப் பிடித்துத்தான் இறங்கினார்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்கள் எல்லோரும் நிற்க, துரை கோணலாக நடந்து வந்தார். காரை ராத்திரியே மாடு கட்டி இழுத்துவந்தாயிற்று; முந்தின நாள் கதையும் அதற்குள் லயம் லயமாகப் போயிருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். நான் ஆள் கணக்குப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"சிதம்பரம்" என்றார் துரை. "கார் சுத்தம் பண்ணு. சீக்காளி கார்தான் அது. எண்ணெய் நான் வாங்குறேன்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். அதுவரை அடக்கி வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள். துரைக்கு இரக்கம் வந்ததா, முதுகு வலித்ததா என்பதை நான் இன்றுவரை ஆராய்ந்ததில்லை. எதுவானால் என்ன. அத்தான் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஸ்டோர் பக்கம் போனார். போகிற வழியில் என் பிடரியில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். அது அடியா, தட்டிக்கொடுத்ததா என்பதையும் நான் ஆராய்ந்ததில்லை.

அக்காவுக்கு வலி கண்டது ஒரு மத்தியானம். டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு, இதுவும் சிக்கல்தான், இங்கே வேண்டாம் என்றார். அத்தான் காரை வாசலுக்குக் கொண்டுவந்தார். லயத்துப் பெண்கள் இரண்டு பேர் முன்னால் நெருக்கி உட்கார்ந்துகொண்டார்கள். அக்காவைப் பலகையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்துவிட்டு, நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். இஞ்சினில் இப்போது துரை வாங்கிய எண்ணெய். ஆனால் பலகையில் ஏறிய வாடை முழுசாகப் போகவில்லை. சூடேறினால் லேசாக வரும்.

அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. கார் சத்தத்தில் அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று கேட்கவில்லை. பாதிச் சடக்கு வந்தது. எனக்கு அந்த இடம் தெரியும். அவள் பார்த்துவிடக் கூடாதே என்று நான் கேன்வாஸை இறக்கிவிடப் போனேன். அதற்குள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். வெளியே பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. முன்னால் அத்தான் கியரைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"தம்பி" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"தூரத்து எண்ணெ ஊத்துனியா?"

முதலில் என் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் முகம் நனைந்திருந்தது. வாயோரத்தில் மட்டும் என்னமோ இருந்தது.

"ஊத்தியிருக்கேன்க்கா" என்றேன். "மலாக்கா வரைக்கும் தாங்கும்."

அவள் சிரித்தாள். வலியோடு சிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் அழுகை வந்தது, மறுபடியும் சிரிப்பு வந்தது. முதல் பிள்ளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்படி அழுதும் பார்த்ததில்லை. முன்னால் அத்தானின் தோள் குலுங்கியது. அவர் எதற்குக் குலுங்கினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவே இல்லை. நாங்கள் அந்த இடத்தைத் தாண்டியது அப்படித்தான். கார் எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது. பெண் குழந்தை. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

அந்தப் பெண் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். கார் ஆற்றில் விழுந்ததாகச் சொல்லித் திரிவதில் அவளுக்குத்தான் முதலிடம். அக்காவும் இல்லை, அத்தானும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் எங்கே புறப்பட்டாலும், ஆஸ்பத்திரிக்கானாலும், கோலாலம்பூருக்கானாலும், கார் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கி, நான் படுத்திருக்கிற அறையின் ஜன்னலைப் பார்த்துக் கத்துவார்கள்: "மாமா, எண்ணெ ஊத்தியாச்சா?" தூங்குவதுபோல் நடித்துப் பார்த்திருக்கிறேன். ஹாரன் அடிப்பார்கள். போதும், நிறுத்துங்கள் என்று பலமுறை சொல்ல நினைத்து, ஒருமுறையும் சொல்லவில்லை. "ஊத்தியாச்சு, ஊத்தியாச்சு, போங்க" என்று நான் சொல்லும்வரை வண்டியை எடுக்கமாட்டார்கள். அலுத்துப்போய்த்தான் சொல்கிறேன். ஆனால் சொல்லாமல் ஒருவரையும் இதுவரை அனுப்பியதில்லை.